மாத்திரைக்கு அடங்காத டிபி: வாசகர் கேள்விகள்

சென்ற இதழில் சளிப் பரிசோதனை பற்றி நாலு வரி எழுதினேன். வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் மருந்துக்குக் கட்டுப்படாத டிபி பற்றித்தான், அதனால் இந்த முறை முழுக்க அதுவே. முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் டாக்டர் இல்லை. காசநோய் ஆய்வகத்தில் வருஷக்கணக்கில் சளி டப்பாக்களைத் திறந்து மூடியவன். எந்த மாத்திரை, எத்தனை நாள் என்பதெல்லாம் உங்கள் டாக்டர் சொல்ல வேண்டியது. அந்த மாத்திரை உள்ளே போனபின் கிருமிக்கு என்ன ஆகிறது என்பதை மட்டும் என்னிடம் கேளுங்கள்.

என் தம்பிக்குப் போன வருஷம் டிபி வந்தது. இரண்டு மாதம் மாத்திரை சாப்பிட்டான், இருமல் நின்றது, உடம்பும் தேறியது, லாரி வேலைக்குப் போனவன் மாத்திரையை விட்டுவிட்டான். இப்போது மறுபடி இருமல். சளியை மெஷினில் வைத்துப் பார்க்கிற ஜீன் எக்ஸ்பெர்ட் ரிப்போர்ட்டில் ‘ரிஃபாம்பிசின் ரெசிஸ்டன்ட்’, அதாவது ரிஃபாம்பிசின் மருந்து கேட்காது என்று வந்திருக்கிறது. அவன் உடம்பு மருந்துக்குப் பழகிவிட்டதா?
— ஒரு அக்கா, தருமபுரி

பழகவில்லை அம்மா. தம்பியின் உடம்பும் பழகவில்லை, கிருமியும் பழகவில்லை. ‘பழகிவிட்டது’ என்று டாக்டர்கள்கூடச் சொல்கிறார்கள், அந்தச் சொல்தான் எல்லாக் குழப்பத்துக்கும் காரணம்.

நடப்பது இதுதான். டிபி கிருமியின் மரபணுப் புத்தகத்தில் சுமார் 44 லட்சம் எழுத்துகள். கிருமி இரண்டாகப் பிரியும்போதெல்லாம் இந்தப் புத்தகத்தை முழுசாகப் படி எடுக்க வேண்டும். எவ்வளவு கவனமாகப் படி எடுத்தாலும் எங்காவது ஓர் எழுத்து தப்பாக விழும். பெரும்பாலான தப்புகளால் ஒன்றும் ஆகாது, சிலவற்றால் கிருமியே செத்துப்போகும். ஆனால் மிகச் சில தப்புகள் ஒரு குறிப்பிட்ட மருந்து வேலை செய்யாமல் போகிற இடத்தில் விழுந்துவிடும். டிபிக்கான இரண்டு முக்கிய மருந்துகளை எடுத்துக்கொண்டால், ரிஃபாம்பிசினுக்கு அப்படிப்பட்ட தப்பு ஏறக்குறைய 10 கோடிக் கிருமியில் ஒன்றிலும், ஐசோனியாசிடுக்கு 10 லட்சத்தில் ஒன்றிலும் இருக்கும். மருந்து உள்ளே போவதற்கு முன்பே இருக்கும், அதைக் கவனியுங்கள். நுரையீரலில் ஓட்டை விழுந்த நோயாளிக்கு அந்த ஓட்டைக்குள் மட்டும் ஒரு கோடியிலிருந்து நூறு கோடி வரை கிருமிகள் குடியிருக்கலாம். ஆக எந்த ஒற்றை மருந்தைக் கொடுத்தாலும் அதற்குச் சாகாத சில கிருமிகள் அந்தக் கூட்டத்தில் முதல் நாளிலிருந்தே உட்கார்ந்திருக்கின்றன. மற்றதெல்லாம் செத்து இடம் காலியானதும் இவை பெருகும். அவ்வளவுதான் விஷயம்.

டிபிக்கு நாலு மருந்தைச் சேர்த்துக் கொடுப்பது ஏன் என்பதும் இந்தக் கணக்கிலிருந்தே வருகிறது. இரண்டு மருந்துக்கும் சேர்த்துச் சாகாத கிருமி வேண்டுமென்றால் 10 லட்சத்தை 10 கோடியால் பெருக்கிப் பாருங்கள், கோடியைக் கோடியால் பெருக்கிய எண் வரும். அத்தனை கிருமி ஒரு மனிதன் உடம்பில் கிடையாது.

இதை உலகம் கற்றுக்கொண்ட விதம் கொஞ்சம் கொடுமையானது. 1943இல் ஸ்ட்ரெப்டோமைசின் கண்டுபிடித்தார்கள், டிபிக்கு உண்மையாக வேலை செய்த முதல் மருந்து அதுதான். பிரிட்டனில் 107 நோயாளிகளை வைத்து ஒரு சோதனை செய்து 1948இல் முடிவை வெளியிட்டார்கள். ஊசி போட்ட 55 பேரில் ஆறு மாதத்துக்குள் இறந்தவர்கள் 4 பேர், படுக்கை ஓய்வு மட்டும் கொடுத்த 52 பேரில் 14 பேர். எல்லோருக்கும் ஒரே சந்தோஷம். ஆனால் ஊசி போட்டவர்களில் பெரும்பாலோரின் சளியில் ஒன்றிரண்டு மாதத்திலேயே மருந்துக்குச் சாகாத கிருமிகள் தலைகாட்டின, ஐந்து வருஷம் கழித்துப் பார்த்தால் இரண்டு கூட்டத்துக்கும் பெரிய வித்தியாசமே இல்லை. அப்புறம்தான் பாஸ் என்கிற இரண்டாவது மருந்தைச் சேர்த்துக் கொடுத்தார்கள், மருந்துக்குச் சாகாத கிருமி வருவது, அதாவது எதிர்ப்பு வருவது, வெகுவாகக் குறைந்தது. டிபிக்கு எந்த மருந்தையும் தனியாகக் கொடுக்கவே கூடாது என்பது அப்போதிருந்து சட்டம் மாதிரி.

சரி, உங்கள் தம்பி நாலையும் சேர்த்துத்தானே சாப்பிட்டான், அப்புறம் எப்படி என்று கேட்பீர்கள். இதில் தம்பியை மட்டும் திட்டாதீர்கள். நாலையும் ஒழுங்காகச் சாப்பிட்டு ஒரே நாளில் நிறுத்தியவர்களுக்கு நோய் திரும்பினால், பல சமயம் பழைய மருந்துக்கே கேட்கும் கிருமிதான் திரும்பும். எதிர்ப்பு வருவது பெரும்பாலும் இரண்டு நாள் சாப்பிட்டு நாலு நாள் விட்டு, மறுபடி ஆரம்பித்து என்று இழுத்தடிப்பவர்களிடம், ஏனென்றால் ஒரு மருந்து ரத்தத்தில் சீக்கிரம் தீர்ந்துபோகும், இன்னொன்று கொஞ்சம் தங்கும், அந்த இடைவெளியில் கிருமிக்கு ஒற்றை மருந்து மட்டுமே எதிரில் நிற்கும். இல்லையென்றால் போன வருஷமே அவன் கிருமிக்கு ஐசோனியாசிட் கேட்காமல் இருந்திருக்கலாம், யாரும் பார்த்திருக்க மாட்டார்கள், அதனால் ரிஃபாம்பிசின் கிட்டத்தட்டத் தனியாகப் போராடியிருக்கும். அதுவும் இல்லையென்றால் ஓடிய வழியில் எங்கோ வேறொருவரின் கிருமி புதிதாக ஒட்டியிருக்கலாம். மூன்றில் எது என்று ரிப்போர்ட்டை வைத்துச் சொல்ல முடியாது. இப்போது செய்ய வேண்டியது ஒன்றுதான். மற்ற மருந்துகளுக்கான பரிசோதனை முடிவும் வரட்டும், அதற்கேற்ற புது மருந்துத் திட்டத்தை அரசு மருத்துவமனையில் தொடங்கட்டும். பழைய மாத்திரை அட்டை மிச்சமிருந்தால் அதை எடுத்து முழுங்க வேண்டாம்.

நான் வாழ்க்கையில் டிபி மாத்திரையைக் கண்ணால்கூடப் பார்த்ததில்லை. எனக்கு எப்படி எம்.டி.ஆர் டிபி வரும்? லேப் தப்புதானே?
— ஒரு வாசகர், ஆவடி

லேப் தப்பு அபூர்வமாக நடக்கும், அதனால் இரண்டாவது சளி கொடுத்துப் பார்ப்பதில் தப்பில்லை. ஆனால் உங்களுக்கு வர முடியாது என்பது சரியில்லை. மருந்து சாப்பிட்டவர் யாரோ, அவர் இருமியது காற்றில், நீங்கள் மூச்சில் இழுத்தது முழுசாகத் தயாரான எம்.டி.ஆர் கிருமி. இந்தியா முழுக்க 2014 முதல் 2016 வரை நடந்த மருந்து எதிர்ப்புக் கணக்கெடுப்பில் முதல்முறை டிபி வந்தவர்களில் 2.84 சதவீதம் பேருக்கு எம்.டி.ஆர் இருந்தது, அதாவது ஐசோனியாசிட், ரிஃபாம்பிசின் இரண்டுமே கேட்காது. முன்பே சிகிச்சை எடுத்தவர்களில் 11.6 சதவீதம். சதவீதத்தைப் பார்த்தால் பழைய நோயாளிகள்தான் அதிகம் மாதிரித் தெரியும், ஆனால் புது நோயாளிகள் தலைக்கணக்கில் பல மடங்கு என்பதால் உங்களைப் போன்றவர்கள் ஒன்றும் குறைச்சல் இல்லை.

நர்சிங் மூன்றாம் வருஷம் படிக்கிறேன். டிபி கிருமியிலும் குடும்பம், வம்சம் எல்லாம் உண்டு, அதில் ‘பெய்ஜிங் ஸ்ட்ரெயின்’ ரொம்ப மோசம், மருந்துக்கே அடங்காது என்று மேடம் சொன்னார்கள். தமிழ்நாட்டில் இருப்பது எந்த வம்சம்? நமக்குப் பயம் உண்டா?
— ஒரு மாணவி, திருநெல்வேலி

இந்தக் கேள்விக்காகத்தான் நான் காத்துக்கொண்டிருந்தேன் தங்கச்சி, கொஞ்சம் நீட்டி முழக்கப் போகிறேன், பொறுத்துக்கொள்.

வம்சம் உண்டு. டிபி கிருமிக்கு ஒரு விசேஷம், மற்ற பாக்டீரியாக்கள் பக்கத்து வீட்டில் கடன் வாங்குவது மாதிரி ஒன்றுக்கொன்று மரபணுத் துண்டுகளைக் கைமாற்றிக்கொள்ளும், இது மாற்றிக்கொள்ளாது. அம்மாவிடமிருந்து பிள்ளைக்கு வருவது மட்டும்தான். அதனால் எழுத்துப் பிழைகளைப் பின்தொடர்ந்து போனால் குடும்ப மரம் வரைந்துவிடலாம், மனிதர்கள் எந்தக் கடலைத் தாண்டினார்கள் என்பதுகூட அதில் தெரியும். முதல் வம்சம் இந்தியப் பெருங்கடலைச் சுற்றி வாழ்கிறது: தென்னிந்தியா, கிழக்கு ஆப்பிரிக்கா, பிலிப்பைன்ஸ். இரண்டாவது கிழக்கு ஆசியா, அதில்தான் பெய்ஜிங் குடும்பம். மூன்றாவது வட இந்தியா, பாகிஸ்தான் பக்கம். நாலாவது ஐரோப்பா, அமெரிக்கா, ஆப்பிரிக்கா என்று ஊர் சுற்றிக் குடும்பம். ஐந்தும் ஆறும் மேற்கு ஆப்பிரிக்காவை விட்டு அதிகம் நகரவில்லை, ஏழாவது எத்தியோப்பியாவில். அதற்கப்புறமும் சிலவற்றைச் சேர்த்திருக்கிறார்கள், அவை அபூர்வம்.

தமிழ்நாட்டில் ஆதிக்கம் முதல் வம்சம்தான். இதில் ஒரு பழைய கதை இருக்கிறது. மரபணு வரிசையெல்லாம் யாரும் கனவிலும் நினைக்காத 1960 வாக்கில், மெட்ராஸ் நோயாளிகளின் கிருமியையும் பிரிட்டன் நோயாளிகளின் கிருமியையும் கினி பன்றிகளுக்குச் செலுத்திப் பார்த்தார்கள். மெட்ராஸ் கிருமி கினி பன்றியை அவ்வளவாகப் படுத்தவில்லை, பிரிட்டன் கிருமி ஒரு கை பார்த்துவிட்டது. அடடா நம் கிருமி சாது என்று சந்தோஷப்பட வேண்டாம், மனிதர்களை அது நன்றாகவே கொன்றது. ஆனால் ஊருக்கு ஊர் கிருமியின் குணம் மாறும் என்று அந்தக் கினி பன்றிகள் அன்றைக்கே சொல்லிவிட்டன.

இப்போது பெய்ஜிங்குக்கு வருவோம். 1995இல் அந்த ஊர்ப் பக்கத்துச் சளி மாதிரிகளைப் பார்த்தபோது பெரும்பாலானவை ஒரே அச்சில் இருந்தன, அதனால் அந்தப் பெயர். 1990களின் தொடக்கத்தில் நியூயார்க் மருத்துவமனைகளில் எச்.ஐ.வி நோயாளிகளிடையே பரவி ஏராளமானவர்களைக் கொன்ற எம்.டி.ஆர் கிருமியும் இந்தக் குடும்பம். சோவியத் யூனியன் உடைந்தபின் ரஷ்யாவிலும் மத்திய ஆசியாவிலும் பரவியதும் இதுவே. அங்கே சில நாடுகளில் முதல்முறை டிபி வருபவர்களிலேயே நாலில் ஒருவருக்கு மேல் எம்.டி.ஆர். நம் நாட்டில் 35 பேரில் ஒருவர், அதையும் நினைவில் வை.

உன் மேடம் சொன்னதற்கு ஆய்வக ஆதாரம் இருக்கிறது. 2013இல் வெளியான ஓர் ஆய்வில் இரண்டாம் வம்சக் கிருமிகள் நாலாம் வம்சத்தைவிட வேகமாக மருந்து எதிர்ப்பு எழுத்துப் பிழைகளைச் சேர்த்தன. வேறு சில ஆய்வகங்கள் அப்படி ஒரு வித்தியாசத்தைப் பார்க்கவில்லை. என்னைக் கேட்டால் பாதி உண்மை என்பேன், காரணம் ஜப்பான். அங்கேயும் டிபி கிருமிகளில் பெரும்பாலானவை பெய்ஜிங் குடும்பம்தான். ஆனால் எம்.டி.ஆர் மிகக் குறைவு! அதே கிருமி, ரஷ்யச் சிறைகளில் நெருக்கியடித்து, மருந்து பாதி நாள் கிடைத்து பாதி நாள் கிடைக்காமல் இருந்த இடத்தில் ஓர் ஆட்டம் ஆடியது, மருந்தும் கவனிப்பும் ஒழுங்காக இருந்த இடத்தில் வாலைச் சுருட்டிக்கொண்டது. இன்னொரு பக்கம் பார், பிலிப்பைன்ஸில் நம்முடைய அதே சாது முதல் வம்சம்தான் அதிகம், ஆனால் எம்.டி.ஆர் சுமை அதிகமான நாடுகளின் பட்டியலில் அந்த நாடு இருக்கிறது.

வம்சத்தால் ஒன்றுமே இல்லை என்றும் சொல்லவில்லை. எந்த வழியாக எதிர்ப்பு வருகிறது என்பதில் வம்சத்தின் சாயல் தெரியும். ஐசோனியாசிட் மாத்திரை அப்படியே விஷம் கிடையாது, கிருமி தன்னுடைய கேட்-ஜி என்கிற நொதியை வைத்துத்தான் அதை விஷமாக மாற்றிக்கொள்கிறது, தானே தனக்குச் சமைத்துக்கொள்கிற மாதிரி. அந்த நொதியில் 315ஆம் இடத்தில் ஒரு மாற்றம் வந்தால் சமையல் நின்றுவிடும், ஆனால் கிருமிக்கு அந்த நொதியால் ஆக வேண்டிய மற்ற வேலை பெரும்பாலும் நடக்கும். உலகம் முழுக்க அதிகம் காணப்படுவது இதுதான், எதிர்ப்பும் பலமாக இருக்கும். இன்னொரு வழி, மருந்து தாக்குகிற இன்ஹா என்ற புரதத்தையே அதிகமாகத் தயாரித்துக்கொள்வது. இதில் எதிர்ப்பு குறைவு, ஐசோனியாசிடின் அளவைக் கூட்டினால் சில சமயம் கேட்கும். முதல் வம்சத்தில் இந்த இரண்டாவது வழி மற்ற வம்சங்களைவிட அதிகமாகத் தென்படுகிறது. பரீட்சைக்கு வராது, ஆனால் வார்டில் டாக்டர் ‘இன்ஹா பாசிட்டிவ், டோஸ் கூட்டலாம்’ என்று சொல்லும்போது உனக்குப் புரியும்.

மும்பையில் எந்த மருந்துக்கும் கேட்காத டிபி வந்ததாக ஒரு காலத்தில் பேப்பரில் படித்தேன். அப்படி ஒன்று உண்மையிலேயே பரவினால் என்ன ஆகும்?
— ஒரு வாசகர், கும்பகோணம்

2012 ஜனவரியில் அந்தச் செய்தி வந்தது. ‘முழு எதிர்ப்பு’ என்ற பெயரை அரசும் உலக சுகாதார நிறுவனமும் ஏற்கவில்லை, பரிசோதிக்காத மருந்து எப்போதும் ஒன்றிரண்டு மிச்சமிருக்கும் என்பது அவர்கள் வாதம். பெயர்ச் சண்டையில் நோயாளிக்கு என்ன லாபம் என்று அப்போது எரிச்சலாக இருந்தது, இப்போது யோசித்தால் அவர்கள் சொன்னதிலும் நியாயம் உண்டு, ஏனென்றால் அன்றைக்குக் கையில் இல்லாத மருந்துகள் இன்றைக்கு இருக்கின்றன.

பரவினால் என்ன ஆகும் என்பதற்குப் பதில் தென்னாப்பிரிக்காவில் கிடைத்துவிட்டது. குவாசூலு-நட்டால் மாகாணத்தில் டுகேலா ஃபெர்ரி என்ற கிராமத்து மருத்துவமனை. 2005 தொடக்கத்திலிருந்து ஒரு வருஷத்துக்குக் கொஞ்சம் மேல் அங்கே சளி கொடுத்தவர்களில் 53 பேருக்கு, முதல் வரிசை மருந்துகளும் கேட்காது, இரண்டாம் வரிசையின் முக்கிய மருந்துகளும் கேட்காது என்ற நிலை, எக்ஸ்.டி.ஆர் என்பார்கள். 52 பேர் இறந்தார்கள். சளி எடுத்த நாளிலிருந்து பாதிப் பேர் 16 நாளுக்குள். பழைய முறையில் முட்டை ஊடகத்தில் கிருமி வளர்ந்து காலிஃபிளவர் துண்டு மாதிரிக் கண்ணுக்குத் தெரியவே மூன்றிலிருந்து ஆறு வாரம் ஆகும், மருந்துப் பரிசோதனைக்கு இன்னும் சில வாரம். லேப் ஆளாகச் சொல்கிறேன், ரிப்போர்ட் எழுதும்போது அந்த மனிதர் இல்லை என்பதைப் போன்ற வேதனை வேறு கிடையாது.

அந்த 53 பேரில் பாதிக்கு மேல் அதற்கு முன் டிபி சிகிச்சையே எடுத்ததில்லை, ஆனால் பலர் சமீபத்தில் ஏதோ காரணத்துக்காக ஆஸ்பத்திரியில் படுத்திருந்தவர்கள். எச்.ஐ.வி சோதனை செய்யப்பட்ட அத்தனை பேருக்கும் எச்.ஐ.வி இருந்தது. சிகிச்சையே எடுக்காதவர்களுக்கும் வந்தது என்பதை ஆவடி வாசகர் கவனிக்கட்டும். அந்தக் கிருமி என்ன குடும்பம் தெரியுமா? பெய்ஜிங் இல்லை, நாலாம் வம்சம்.

ஜீன் எக்ஸ்பெர்ட்டில் ‘ரெசிஸ்டன்ஸ் இல்லை’ என்று வந்துவிட்டது. அப்போது நிம்மதிதானே?
— ஒரு வாசகி, கோயம்புத்தூர்

முக்கால் நிம்மதி. இரண்டு மணி நேரத்தில் பதில் சொல்கிற மெஷின், 2010இல் உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைத்தது. கோவாவில் தயாரான நம் ஊர் ட்ரூநாட்டும் அதே மாதிரி வேலை செய்கிறது, அதைச் சின்ன ஆரம்ப சுகாதார நிலையத்திலும் வைக்கலாம். நுண்ணோக்கியில் கண் பூத்துப்போக உட்கார்ந்திருந்த எங்கள் தலைமுறைக்கு இதெல்லாம் மந்திரம் மாதிரி.

ஆனால் அது பார்ப்பது என்ன என்று தெரிந்துகொள்ளுங்கள். ரிஃபாம்பிசின் போய் ஒட்டுகிற புரதத்துக்கான ஜீனில் 81 எழுத்து நீளமுள்ள ஒரு சின்னத் துண்டு. ரிஃபாம்பிசின் எதிர்ப்பில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து அந்தத் துண்டுக்குள்தான் இருக்கும், அதனால் அதை மட்டும் படித்தால் போதும் என்று வடிவமைத்தார்கள். எஸ்வாட்டினியில், அப்போது ஸ்வாசிலாந்து, அந்த மிச்ச ஐந்து வேலையைக் காட்டியது. 2009 கணக்கெடுப்பில் கிடைத்த எம்.டி.ஆர் கிருமிகளைப் பின்னால் ஆராய்ந்தபோது சுமார் 30 சதவீதத்தில் எழுத்துப் பிழை அந்த 81க்கு வெளியே இருந்தது. மெஷின் பார்க்கும், ஒன்றுமில்லை என்று சொல்லும், நோயாளிக்குச் சாதாரண மாத்திரை கிடைக்கும். மெஷின் கண்ணுக்கு மறைவான கிருமியே அங்கு தேர்ந்தெடுக்கப்பட்டுப் பெருகியது மாதிரி ஆகிவிட்டது. நம் ஊரில் இந்த வகை அபூர்வம், அதற்காகத் தூக்கம் கெட வேண்டாம்.

நம் ஊரில் கவலைப்பட வேண்டியது வேறு. சாதாரண எக்ஸ்பெர்ட், ட்ரூநாட் ரிஃபாம்பிசினை மட்டும்தான் சொல்லும், ஐசோனியாசிட் பற்றி வாயே திறக்காது. நான் மேலே சொன்ன அதே கணக்கெடுப்பில் புது நோயாளிகளில் 11 சதவீதம் பேருக்கு ஐசோனியாசிட் எதிர்ப்பு இருந்தது. ஒன்பது பேரில் ஒருவர்! ‘ரெசிஸ்டன்ஸ் இல்லை’ என்ற தாளைக் கையில் வைத்திருப்பவர்களிலும் இவர்கள் இருக்கிறார்கள். அதனால் டாக்டரிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: “ஐசோனியாசிடுக்கு எல்.பி.ஏ அனுப்பியாச்சா?” எல்.பி.ஏ என்பது பட்டை பட்டையாகக் கோடு விழும் ஒரு மரபணுப் பரிசோதனை, அரசு ஆய்வகங்களில் உண்டு. கேட்டால் கோபப்படுகிற டாக்டரை நான் பார்த்திருக்கிறேன், கோபப்பட்டுவிட்டு அனுப்பவும் செய்தார்.

மாத்திரை சாப்பிட்டால் சிறுநீர் ரத்தம் மாதிரி வருகிறது. நிறுத்திவிட்டேன். சரியா?
— பெயர் வேண்டாம்

சரியில்லை. அது ரத்தம் இல்லை, ரிஃபாம்பிசினின் சொந்த நிறம். வியர்வையும் கண்ணீரும்கூட ஆரஞ்சாக வரும். இன்றைக்கே போய் எத்தனை நாள் விட்டீர்கள் என்று மறைக்காமல் சொல்லி மறுபடி தொடங்குங்கள். ஆனால் கண் மஞ்சளானாலோ தொடர்ந்து வாந்தி வந்தாலோ அது வேறு விஷயம், ஈரல் சம்பந்தப்பட்டது, உடனே டாக்டர்.

எம்.டி.ஆர் என்றால் இரண்டு வருஷம் மருந்து, தினம் ஊசி, காது போய்விடும் என்கிறார்கள். என் கணவருக்கு இப்போதுதான் உறுதியாகியிருக்கிறது. வீட்டில் இரண்டு குழந்தைகள். தனியாக எங்காவது வைக்க வேண்டுமா?
— ஒரு வாசகி, விழுப்புரம்

காது போனது உண்மை, அது கானாமைசின் மாதிரி ஊசிகளின் காலம். டிபி தேறி, பேசுவது கேட்காமல் வெளியே போனவர்கள் நிறையப் பேர். இப்போது அந்த ஊசி பெரும்பாலும் இல்லை. பெடாகுயிலின் 2012 டிசம்பரில் அமெரிக்காவில் அனுமதி பெற்றது, நாற்பது வருஷத்துக்கும் மேல் கழித்து டிபிக்கென்று வந்த புது வகை மருந்து. அதோடு பிரிடோமனிட், லினசோலிட், மாக்சிஃப்ளாக்சசின் சேர்த்து நாலும் மாத்திரையாக ஆறே மாதம் கொடுக்கும் முறையை உலக சுகாதார நிறுவனம் 2022இல் பரிந்துரைத்தது, இந்தியா 2024இல் ஏற்றுக்கொண்டது. எல்லோருக்கும் பொருந்தாது, கர்ப்பிணிகள், குழந்தைகள், மூளையில் டிபி வந்தவர்களுக்கெல்லாம் வேறு கணக்கு. உங்கள் கணவருக்குப் பொருந்துமா என்று கேளுங்கள். லினசோலிட் சாப்பிடும்போது பாதம் மரத்துப்போனால், கண் மங்கினால் உடனே சொல்லச் சொல்லுங்கள், ரத்தம் குறைகிறதா என்றும் பார்ப்பார்கள், இதயத்துக்கு ஈ.சி.ஜி எடுப்பார்கள்.

நம் முதல் வம்சத்துக்கும் இந்த பிரிடோமனிட்டுக்கும் ஒரு சின்ன உரசல் உண்டு. ஆய்வகத்தில் அதை அடக்க மற்ற வம்சங்களைவிடக் கொஞ்சம் அதிக மருந்து வேண்டியிருக்கிறது. நோயாளிகளிடம் இதனால் தோல்வி வருகிறது என்று அர்த்தம் இல்லை, நாலு மருந்து சேர்ந்துதானே போகிறது. ஆனால் மருந்தைச் சோதிக்கும்போது எந்த வம்சத்தின் மேல் சோதித்தார்கள் என்று கேட்கிற உரிமை தென்னிந்தியர்களுக்கு இருக்கிறது என்று எனக்கு ஒரு எண்ணம். பெடாகுயிலினுக்கும் எதிர்ப்பு வந்தாயிற்று, மருந்தைப் பிடித்து வெளியே தள்ளுகிற பம்பைக் கிருமி அதிகமாக ஓடவிடுகிறது. அதனால் இந்த மாத்திரையைப் பாதியில் விட்டால் அடுத்துக் கொடுக்க அதிகம் இல்லை.

தனியாக வைப்பது பற்றி. ஒரு காலத்தில் தாம்பரம் சானடோரியத்தில் கொண்டுபோய் மாதக்கணக்கில் படுக்க வைத்தார்கள், அந்த ரயில்வே ஸ்டேஷன் பெயர் இன்னும் அதுதான். அது தேவையில்லை என்று உலகத்துக்கே நிரூபித்தது நம் சென்னை. 1956இல் தொடங்கிய ஆய்வு, 193 நோயாளிகள், பாதிப் பேர் சானடோரியத்தில் நல்ல சாப்பாடும் ஓய்வுமாக, பாதிப் பேர் தங்கள் நெருக்கடியான வீட்டிலேயே, எல்லோருக்கும் ஒரே மருந்து. குணமானதில் பெரிய வித்தியாசமில்லை. வீட்டிலிருந்தவர்களின் குடும்பத்தாரை ஐந்து வருஷம் பின்தொடர்ந்தார்கள், அவர்களுக்கு டிபி அதிகம் வரவில்லை. ஏனென்றால் குடும்பத்துக்கு ஒட்ட வேண்டியது சிகிச்சைக்கு முன்பே ஒட்டிவிட்டது, சரியான மருந்து தொடங்கியதும் பரவுவது சட்டென்று குறைந்துவிடும்.

‘சரியான’ என்பதுதான் உங்கள் விஷயத்தில் முக்கியம். உங்கள் கணவர் இதுவரை சாதாரண டிபி மாத்திரை சாப்பிட்டிருந்தால் அந்த நாட்களில் பரவுவது குறைந்திருக்காது. அதனால் புது மருந்து தொடங்கி, பரவாது என்று டாக்டர் சொல்லும்வரை ஜன்னல் திறந்த அறையில் தனியாகப் படுக்கட்டும், மாஸ்க் போடட்டும். தட்டு, டம்ளர், துணி எதையும் பிரிக்க வேண்டாம், அதில் பரவாது. குழந்தைகள் இரண்டு பேரையும் இந்த வாரமே பரிசோதனைக்குக் கூட்டிப்போங்கள். நோய் இல்லையென்றால் வராமலிருக்க மருந்து தரலாமா என்று முடிவு செய்வார்கள், அந்த முடிவு அப்பாவின் கிருமிக்கு எந்த மருந்து கேட்கும் என்பதைப் பொறுத்தது, ஆகவே அவருடைய ரிப்போர்ட்டையும் கையில் எடுத்துப் போங்கள். மாதம் 1,000 ரூபாய் ஊட்டச்சத்துப் பணம் உண்டு, வங்கிக் கணக்கு விவரம் கொடுத்தீர்களா என்று பாருங்கள்.

ஒரு மருந்தைப் பத்து வருஷம் யாருக்கும் கொடுக்காமல் நிறுத்திவைத்தால், கிருமி பழையபடி அதற்கு அடங்குமா?
— பிளஸ் டூ மாணவர், காரைக்குடி

நல்ல கேள்வி தம்பி, பெரிய பெரிய ஆட்கள் இதை நம்பினார்கள். எதிர்ப்பு தருகிற எழுத்துப் பிழையால் கிருமிக்குக் கொஞ்சம் நஷ்டம் உண்டு, மெதுவாக வளரும். மருந்து இல்லாத இடத்தில் பிழையில்லாத கிருமி முந்திக்கொள்ளும், கொஞ்ச காலத்தில் எதிர்ப்புக் கிருமி காணாமல் போகும் என்பது கணக்கு. ஆய்வகத்தில் அப்படித்தான் நடந்தது. நோயாளிகளிடம் அவ்வளவு நடக்கவில்லை. ரிஃபாம்பிசின் எதிர்ப்பு வந்த கிருமிகள் கொஞ்ச நாளில் பக்கத்து ஜீனில் இன்னொரு பிழையைச் சேர்த்துக்கொள்கின்றன, அது முதல் பிழையால் வந்த நொண்டலைச் சரிக்கட்டிவிடும், எதிர்ப்பு அப்படியே இருக்கும். எம்.டி.ஆர் அதிகமுள்ள ஊர்களில் இந்த இரட்டைப் பிழைக் கிருமிகள் நிறைய.

டுகேலா ஃபெர்ரி கிருமியின் மரபணுவைப் பின்னால் முழுசாகப் படித்து, எந்தப் பிழை எப்போது வந்தது என்று கணக்குப் போட்டார்கள். முதலில் விழுந்தது அந்த 315ஆம் இடத்து ஐசோனியாசிட் பிழை, ஏறக்குறைய 1950களின் கடைசியில், அதாவது அந்த மருந்து புழக்கத்துக்கு வந்து பத்து வருஷம்கூட ஆகாதபோது. 1980களில் எம்.டி.ஆர், 1990களின் நடுவில் எக்ஸ்.டி.ஆர். அந்த 53 பேரின் சளியை 2005இல் எடுக்கும்போது முதல் பிழைக்கு வயது ஐம்பதை நெருங்கிக்கொண்டிருந்தது.